ரேகை வேண்டாம், எண் போதும்

1930-ல் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைக் கிளப்பிவிட்டது கூலி அல்ல, விரல். சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களைப் பதிவு செய்ய ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்றது. பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் போய்வந்துகொண்டிருந்தவர்கள், மை தடவிய பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது.

இன்று ரேஷன் கடையில் விரலை வைத்துவிட்டு அரிசி வாங்கி வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்றைய கணக்கு வேறு. கைரேகையை முறையாகத் தொகுத்து வைக்கும் வேலை கல்கத்தாவில் 1897-ல் தொடங்கியது, தொடங்கியது போலீஸ். சப் இன்ஸ்பெக்டர்களான அஸிஸுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் வகைப்படுத்தும் கணக்கைப் போட, அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் அந்த முறைக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே ரேகை என்றால் குற்றவாளி. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த, பெரும்பாலும் தலித்துகளான அந்த மக்களுக்கு, சம்பளப் பதிவேட்டுக்கும் ஜெயில் பதிவேட்டுக்கும் ஒரே மை என்பது பொறுக்கவில்லை.

இன்னொரு தங்க பூமியிலும் தமிழர்கள் இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் ரேகை பதித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துத்தான் 1906-ல் காந்தியின் சத்தியாகிரகமே பிறந்தது. 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வளாகத்தில் சான்றிதழ்களைக் குவித்துக் கொளுத்தியவர்களில் தமிழர்கள் கணிசம்.

'நீ நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்ற கேள்வி, தங்கவயலுக்கு அப்படி ஒரு பழைய கேள்வி. சுரங்கம் மூடிய பிறகும் அது மூடவில்லை.

மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களுக்குப் பூட்டுப் போட்டது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்திறங்கியதிலிருந்து எண்ணினால் 120 ஆண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இப்போது தண்ணீர்தான் குடியிருக்கிறது. மேலே சயனைடு கழிவு மண் மலைகள். அவற்றைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டியவர்கள், அந்தப் புழுதிக் காற்றைச் சுவாசிப்பவர்களைவிட அதிகம். பேரப்பிள்ளைகள் தலைமுறை விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, உரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூட்டம் சேர, பங்காருபேட்டை வழியாக நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறது. காவலாளி, கடை விற்பனையாளர், கால் சென்டர், கம்ப்யூட்டர் கம்பெனி என்று வேலைக்கு ஏற்றபடி பை கனம் மாறும். எல்லார் கையிலும் போன் மட்டும் பொது.

அந்தப் போனுக்குத்தான் இப்போது எல்லா அத்தாட்சியும் வந்து சேர்கிறது. இணையத்தில் கார்டு வழியே பணம் செலுத்த, கார்டில் அச்சிட்டிருப்பது போக இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து 'ஓடிபி வந்ததா?' என்பது தமிழ் வீடுகளில் 'சாப்பிட்டாச்சா?' அளவுக்குப் பழகிப்போன வாக்கியம். பல வீடுகளில் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு மகனின் நம்பர். மகன் ரயிலில் இருப்பான், அப்பா பாங்க் கவுன்டரில் நிற்பார்.

எஸ்எம்எஸ் வழியே வரும் எண்ணுக்கு இரண்டு கோளாறு. ஒன்று, டவர் வேண்டும், போன் வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் பல கால் சென்டர்களில் வேலை தொடங்கும் முன்பே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது கோளாறு ஆபத்தானது. அந்த எண், போனுக்கு வருவதில்லை, சிம்முக்கு வருகிறது. போலி அடையாளம் காட்டி வேறு ஆள் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிவிட்டால், எஸ்எம்எஸ் அவருடைய வாசலில் போய் நிற்கும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான 'நிஸ்ட்' 2016-லேயே வரைவு விதிகளில் எஸ்எம்எஸ்ஸைக் கைகழுவப் பார்த்தது. மறு ஆண்டு இறுதி வடிவில் கொஞ்சம் இறங்கி வந்து, 'கட்டுப்பாட்டோடு பயன்படுத்துக' என்றது.

அப்படியானால் டவரும் சிம்மும் இல்லாமல் அந்த ஆறு இலக்க எண்ணை எப்படிப் பெறுவது? வழி இருக்கிறது. அதற்கு ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தட்டும் பழைய பாணிக் கம்ப்யூட்டர் போதும்.

இந்த வித்தையை விளக்கச் சுரங்கத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கலாம். உலகம் முழுக்கச் சுரங்கங்களில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவர் விளக்கு அறையில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்ததும் ஆணியில் தொங்கும் வில்லைகளைப் பார்த்தால், யார் இன்னும் மேலே வரவில்லை என்பது தெரிந்துவிடும். பெயரைச் சொல்வது மனதில் இருப்பது. வில்லை கையில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு. பாஸ்வேர்டு மனதில் இருப்பது. கையில் இருப்பதற்குத்தான் இந்த ஆறு இலக்கம்.

ஆனால் பித்தளை வில்லையைத் திருடினால் திருடினதுதான். இந்த வில்லை முப்பது விநாடிக்கு ஒருமுறை தானே உருகி வேறு எண்ணாக வார்க்கப்படுகிறது. பெயர் டிஓடிபி, அதாவது நேரத்தை வைத்துப் பிறக்கும் ஒருமுறை எண். 2011-ல் இணையத் தரப்படுத்தல் குழுவின் 6238-ம் ஆவணமாக வெளியானது. அதற்கு முன் 2005-ல் வந்த 4226-ம் ஆவணத்தில் நேரத்துக்குப் பதில் வெறும் எண்ணிக்கை: ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். பட்டனை அநாவசியமாக நாலு தடவை அழுத்தினால் இரண்டு பக்கமும் கணக்குத் தவறிப்போகும். நேரம் அப்படித் தவறாது. தவறுவதும் உண்டு, அது பின்னால்.

உள்ளே நடப்பது இதுதான். கணக்குத் தொடங்கும்போது சர்வர் ஒரு ரகசியத்தை உண்டாக்கி ஒரே ஒரு முறை காட்டும். போனில் காட்டும் அந்தக் கட்டம் கட்டமான க்யூஆர் படத்துக்குள் இருப்பது இந்த ரகசியமே தவிர மந்திரம் எதுவுமில்லை. பெரும்பாலும் அது ஆங்கில எழுத்து 26-ம், 2 முதல் 7 வரையுள்ள எண்களும் கலந்த ஒரு வரி. 0-வும் 1-ம் அதில் கிடையாது, எழுத்துகளோடு குழம்பும் என்பதால். அப்புறம் நேரம். 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில், அன்றிலிருந்து கழிந்த விநாடிகளை 30-ஆல் வகுக்க வேண்டும். 2023 நவம்பர் 15 விடியற்காலை 3 மணி 43 நிமிடம் 20 விநாடிக்கு இந்தியாவில் அந்த விநாடிக் கணக்கு சரியாக 170 கோடியைத் தொட்டது. 30-ஆல் வகுத்தால் 5,66,66,666, மீதி 20. மீதியைத் தள்ளிவிடலாம். இந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து 'ஹெச்மாக்' என்ற அரவை இயந்திரத்தில் போட்டால் 20 பைட் மாவு விழும். கடைசி அரை பைட்டைப் பார்த்து, எந்த இடத்திலிருந்து நான்கு பைட் அள்ளுவது என்று தீர்மானித்து, அதன் தலை பிட்டைக் கிள்ளி எறிந்து, வருவதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் மிஞ்சுவதுதான் ஆறு இலக்கம்.

சர்வரும் அதே ரகசியத்தை வைத்துக்கொண்டு அதே நேரத்தில் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இடையில் எதுவும் பயணம் செய்யவில்லை. டவர் இல்லாத குகைக்குள்ளும் வேலை செய்யும்.

இந்த அரவையில் பழைய 'ஷா-1' முறைதான் வழக்கம். அது 2017-லேயே உடைக்கப்பட்டதாயிற்றே என்று விவரம் தெரிந்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள். கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு மையமும் அன்று காட்டியது, இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே முத்திரை விழச் செய்யலாம் என்பது. ரகசியத்தைக் கலந்து அரைக்கும் இந்த வேலைக்கு அந்த உடைப்பால் பங்கமில்லை.

கட்டளை வரியில் இதைச் செய்யும் கருவிகளில் தலைமூத்தது 'ஓத்டூல்'. சுவீடன்காரரான சைமன் யோசெஃப்சன் முன்னின்று உருவாக்கிய இலவச மென்பொருள். இணையத்தில் 'கூகுள் மூலம் உள்ளே வா' என்று அழைக்கும் 'ஓ-ஆத்' வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்தில் தவறான மென்பொருளை இறக்கிவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு. உபுண்டு, டெபியன் லினக்ஸில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓத்டூல்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும், சில நொடியில் வந்து உட்காரும். மேக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூ வழியாக 'ஓத்-டூல்கிட்' என்று கேட்க வேண்டும். விண்டோஸில் உள்ளேயே ஒரு லினக்ஸைக் குடிவைத்து அதில் நிறுவலாம்.

நிறுவியதும் நேராகச் சொந்த ரகசியத்தைக் கொடுத்துவிடாமல் ஒரு சோதனை போட்டுப் பார்ப்பது நல்லது. 6238-ம் ஆவணத்திலேயே விடையோடு கணக்கு இருக்கிறது. ரகசியம் 3132333435363738393031323334353637383930. நேரம், 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தாண்டி 59-வது விநாடி. எட்டு இலக்கம் வேண்டும் என்று சொல்லிக் கேட்டால், ஓத்டூல் 94287082 என்று பதில் தர வேண்டும். அதே ரகசியத்துக்கு 2009 பிப்ரவரி 13 இரவு 11 மணி 31 நிமிடம் 30 விநாடிக்கு விடை 89005924. இரண்டும் பொருந்தினால் கருவி யோக்கியம். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்து விடையைப் பார்ப்பது போலத்தான், ஆனால் இங்கே பார்ப்பது குற்றமில்லை.

சொந்தக் கணக்கு தொடங்கும் இடத்தில் க்யூஆர் படத்துக்குக் கீழே 'படம் தெரியவில்லையா?' என்ற மாதிரி ஒரு சுட்டி இருக்கும். அதைத் தொட்டால் ரகசிய வரி எழுத்தாகவே தெரியும். அதை எடுத்து, டிஓடிபி வேண்டும் என்றும் இது எழுத்தும் எண்ணும் கலந்த வரி என்றும் ஓத்டூலிடம் சொன்னால் ஆறு இலக்கம் வந்து விழும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ரகசியத்தைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டினால், தட்டியதையெல்லாம் நினைவில் வைக்கும் டெர்மினல் அதையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கட்டளை ஓடும் கணத்தில் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் இன்னொருவரும் அதைப் பார்க்க வாய்ப்புண்டு. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. ரகசியத்தை 'ஜிபிஜி' என்ற பூட்டுக்குள் கோப்பாக வைத்துவிட்டு, தேவைப்படும்போது பூட்டைத் திறந்து குழாய் வழியாக ஓத்டூலுக்கு ஊற்றுவதுதான் முறை. ரகசியம் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் ஓத்டூல் குழாயிலிருந்து வாங்கிக்கொள்ளும். இதையே ஒழுங்காகச் செய்துதர 'பாஸ்' என்ற கடவுச்சொல் பெட்டகமும் அதற்கு 'பாஸ்-ஓடிபி' என்ற இணைப்பும் இருக்கின்றன.

இன்னொரு தவறு பெரியது, ஆனால் தவறு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. பாஸ்வேர்டும் அதே கம்ப்யூட்டரில், ஆறு இலக்கம் பிறக்கும் ரகசியமும் அதே கம்ப்யூட்டரில். அந்த மெஷின் களவு போனால், அல்லது வைரஸ் நுழைந்தால், இரண்டு பூட்டுக்கும் சாவி ஒரே கொத்தில். அப்போது இது இரண்டு அடுக்கே அல்ல, ஓர் அடுக்கு. மேலே வர்ணம் மட்டும் இரண்டு கோட். அப்படியிருந்தும் ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை: தூரத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை வைத்துக் கதவைத் தட்டுகிற திருடனை இது நிறுத்திவிடும். நிறையத் திருடர்கள் அந்த ரகம்தான். வசதி இருந்தால் ரகசியத்தைப் பழைய லேப்டாப் ஒன்றிலோ தனி போனிலோ வைப்பது உத்தமம்.

மறுபக்கம், காவல் காக்கும் வேலை. பெங்களூரில் சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞருக்கு எண்ணைக் கொடுப்பதைவிடக் கேட்பதுதான் தொழில். அதற்கு 'கூகுள் ஆதென்டிகேட்டர்' குடும்பத்தில் லினக்ஸுக்கென்றே ஒரு துணைக்கருவி இருக்கிறது. பெயரில் கூகுள் இருந்தாலும் அது கூகுளுக்கு எந்தத் தகவலையும் அனுப்பாது, சர்வருக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். அதை நிறுவி, ஒவ்வொரு பயனரும் தன் கணக்கிலிருந்து ஒருமுறை அதன் பெயரைத் தட்ட வேண்டும். டெர்மினலிலேயே எழுத்துக் கட்டங்களால் ஆன க்யூஆர் படம் விரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை ரசிப்பார்கள், வேறு வழியில்லை. பிறகு கேள்விகள். நேரக் கணக்கா? ஆம். ஒரே எண்ணை இரண்டு முறை மறுக்கலாமா? ஆம். கடிகார வித்தியாசத்துக்குச் சலுகை கூட்டலாமா? வேண்டாம் என்று சொன்னாலும் முந்தைய எண், இந்த எண், அடுத்த எண் என்று மூன்று செல்லும். ஆம் என்றால் 17 எண்கள் செல்லும். முப்பது விநாடிக்கு மூன்று முயற்சி என்று கட்டுப்படுத்தலாமா? அவசியம்.

இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டை நம்பித் தூங்கிவிட முடியாது. முப்பது விநாடிக்கு மூன்று என்றால் ஒரு நாளைக்கு 8,640 முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் பத்து லட்சத்தில் மூன்று வாய்ப்பு. பாஸ்வேர்டு ஏற்கெனவே கையிலிருக்கும் திருடன் நாள் முழுக்கத் தட்டினால் வெற்றி பெற ஏறத்தாழ இரண்டரை சதவீத வாய்ப்பு. ஒரு மாதம் யாரும் கவனிக்காமல் விட்டால் அது பாதிக்கு மேல் போய்விடும். பதிவேட்டை யாராவது பார்க்க வேண்டும், தொடர்ந்து தவறாகத் தட்டும் முகவரியை வெளியே தள்ள வேண்டும். ஆறு இலக்கம் என்பது அவ்வளவு பெரிய கோட்டை அல்ல.

பிறகு 'பாம்' எனப்படும் வாயிற்காவலன் கோப்பில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கி ஒரு வரி, எஸ்எஸ்ஹெச் அமைப்பில் விசைப்பலகை வழிக் கேள்விக்கு அனுமதி தந்து ஒரு வரி. சர்வரை மறுபடி கிளப்பினால் வேலை முடிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியேறி, மறுபடி உள்ளே போக முடியாமல் வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை யாரும் எடுக்காத சென்சஸ். ஏற்கெனவே திறந்த ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் முதலாவதை மூட வேண்டும். சாவிக் கோப்பு வைத்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைகிறவர்களிடம் இந்த ஆறு இலக்கம் கேட்கப்படாமலே போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சாவியும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் தனியாக எழுதினால்தான் கேட்கும். எழுதாமல் விட்டுவிட்டு, இரட்டைப் பூட்டு போட்டாயிற்று என்று மேலதிகாரிக்குக் கடிதம் அனுப்புவது சுலபம்.

எண் ஒத்துப்போகவில்லையா? பத்தில் ஒன்பது தடவை பழி கடிகாரத்தின் மேல். சர்வரின் நேரம் ஒரு நிமிடம் பின்தங்கினால் அது இறந்துபோன எண்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். இணைய நேரத்தோடு தானே சரிசெய்துகொள்ளும்படி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. டைம் ஜோன் மாறினால் பாதிப்பில்லை, கணக்கு எல்லாம் கிரீன்விச்சில்தான். துபாய்க்கு வேலைக்குப் போனவரும் அதே எண்ணைத்தான் பார்ப்பார்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கவலை என்று ராபர்ட்சன்பேட்டை வியாபாரிகள் இனி ஒதுங்க முடியாது. சரக்கு அனுப்பும் இ-வே பில் தளத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2023 ஆகஸ்டில் ரூ. 100 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாக இறங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்குமானது. எஸ்எம்எஸ் போக, எண்ணைத் தானே உண்டாக்கித் தரும் ஓர் அரசுச் செயலியும் அதற்கு உண்டு. நிரல் எழுதுகிறவர்களின் பொதுக் கிடங்கான கிட்ஹப் 2023-ல் இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஆதார்கூட விலக்கல்ல: எம்ஆதார் செயலியில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எட்டு இலக்க எண்ணை ஆதார் ஆணையமே தந்தது. அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை, விரல் சுலபமாக இருக்கும்போது எண்ணை யார் தேடுவார்கள்?

1930-ன் விரல் இங்கே திரும்பி வருகிறது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இந்த மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. வங்கிக் கிளை இல்லாத ஊருக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் 2023-ல் கர்நாடகத்தில், சொத்துப் பத்திரம் பதிவு செய்த சிலர், கொஞ்ச நாளில் தங்கள் கணக்கிலிருந்து ஆதார் வழியே பணம் போய்விட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தார்கள். பத்திர நகலில் இருந்த ரேகையை அச்செடுத்து விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்க அரசு ஊழியர் அலுவலகத்திலிருந்து 2015-ல் 56 லட்சம் பேரின் ரேகைகள் களவுபோயின. அந்த 56 லட்சம் பேரும் என்ன செய்ய முடியும்? பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். ஓத்டூலின் ரகசியம் கசிந்தால் புது ரகசியம் வாங்கலாம். விரலுக்கு அந்த வசதி இல்லை. பத்துதான் இருக்கிறது, ஜாக்ஹாம்மர் பிடித்துத் தேய்ந்தவர்களுக்கு ரேஷன் மெஷின் அந்தப் பத்தையும் ஒப்புக்கொள்வதில்லை.

ரேகையை ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ பூட்டிவைக்கலாம், செலவில்லை. பூட்டியிருக்கும்வரை அந்த விரலை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. ரேஷன் வாங்கும் நாளில் திறந்துவிட்டுப் போக வேண்டும், அது ஒரு தொந்தரவுதான்.

ஆறு இலக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. ரகசியத்தின் இன்னொரு பிரதி சர்வரில் இருக்கிறதே! 2011 மார்ச்சில் உலகப் புகழ்பெற்ற ஆர்எஸ்ஏ நிறுவனத்தின் சாவிக்கொத்துக் கருவிகள் தொடர்பான ரகசியத் தகவலே திருடுபோய், பின்னர் ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் மீது தாக்குதலுக்கு அது உதவியது. போலி வலைத்தளம் ஒன்றில் எண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டால், முப்பது விநாடிக்குள் அதை உண்மையான தளத்தில் தட்டிவிடுகிற திருட்டு நிரல்களும் இருக்கின்றன. போனில் கேட்டவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது. தளத்தின் உண்மையான முகவரியைத் தானே பார்த்து உறுதி செய்துகொள்ளும் பாஸ்கீ, யுஎஸ்பி சாவி போன்றவை இதற்கு மருந்து. எல்லா இடத்திலும் அவை இன்னும் வந்துசேரவில்லை.

அதுவரை ஒரு காகிதம் வேண்டும். லினக்ஸ் கருவி, கேள்விகளோடு சேர்த்து எட்டு இலக்கத்தில் ஐந்து அவசர எண்களையும் திரையில் காட்டும். போன் தொலைந்தாலும், லேப்டாப் ரயிலில் மறந்துபோனாலும், உள்ளே போக அவைதான் வழி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். அவற்றை அதே கம்ப்யூட்டரில் சேமிப்பதில் அர்த்தமில்லை. பேனாவால் எழுதி, தங்கவயல் வீடுகளில் சுரங்கத்துக் கணக்குத் தீர்ப்புக் காகிதமும் பி.எஃப். சீட்டும் இருக்கிற அந்த டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். ஓர் எண்ணைப் பயன்படுத்தியதும் சர்வர் தன் கோப்பிலிருந்து அதைத் தானே அழித்துவிடும். காகிதத்தில் கோடு போட்டு அடிக்க வேண்டியது பெட்டிக்காரர்.